தமிழ் மட்டும் புரியும் நாய்

பிள்ளை பெற்று நான் பண்டார் பாருவில் அம்மா வீட்டில் இருந்தபோது, எங்கள் நாய் ஓடிப்போய்விட்டதாகக் கணவர் போனில் சொன்னார். அலோர் ஸ்டாரில் எங்கள் வீட்டில் யாரோ கேட்டைச் சரியாகச் சாத்தவில்லையாம்.

"தேடிப் பாத்தீங்களா?"

"தேடாம இருப்பேனா? தாமான்ல ஒவ்வொரு தெருவா சுத்திட்டேன்லா."

நம்பினேன். அவன் ஜெர்மன் ஷெப்பர்ட். கல்யாணத்துக்கு முன்பே, வேலைக்குப் போன புதிதில், குட்டியாக வாங்கி வளர்த்தேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் தமிழைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

அன்று அழுத என் முதுகை அம்மா தடவிக்கொண்டே இருந்தார். "பச்ச ஒடம்பும்மா. அழுதா பால் வத்திரும்."

வீடு திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு கையில் பிள்ளைக்குப் பால், மறு கையில் போன். ஒரு வீடியோ ஓடியது. யார் வீட்டு முற்றமோ தெரியவில்லை, ஒரு சீனப் பெண் விரலை நீட்டி, "உக்காரு" என்றார். நாய் உட்கார்ந்தது. எங்கள் நாய்க்கு இருந்தது போலவே இடது காது பாதியில் மடங்கியிருந்தது. இந்த நாய்க்குத் தமிழ் மட்டும்தான் புரிகிறது, தமிழ் பேசும் வீடு தேவை என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். அந்தப் பெண் மலாயில் விளக்கினார். ஊருக்கு வெளியே இருக்கும் நாய்க் காப்பகத்தில் தெருநாய்களுக்கே இடம் போதவில்லை. இந்த இன நாய் வந்தால் அவர்கள் பினாங்கில் இருக்கும் இவருடைய குழுவை அழைப்பார்கள். இவர்கள் கூட்டிப் போய், ஊசி போட்டு, தங்கள் வீட்டிலேயே வைத்துப் பழக்கி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.

"இங்கிலீஷ், மலாய், ஹொக்கியன் எல்லாத்துலயும் உட்காரச் சொன்னேன், சிஸ்டர். சிலை மாதிரி நின்னான். கடைசியில எங்க ரோட்டு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை அண்ணன்தான் இந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார்." சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு, யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டேன்.

"வீட்டுக்காரர். மனைவிக்கு நாய்னா பயம், குழந்தை பிறந்ததும் வேணாம்னுட்டாங்கன்னு காப்பகத்துல சொன்னாராம். அழுதாராம், பாவம்."

பாவம் என்று அவர் சொன்னது என் கணவரை.

அம்மாவை அழைத்து, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"மாப்பிள்ள சொன்னாரு. பச்ச ஒடம்புக்காரிகிட்ட அத எப்படிம்மா சொல்றது?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"அப்புறம் நீ கேக்கலையே."

வேலை முடிந்து வந்த கணவரிடம் வீடியோவைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. "நீதானே சொன்ன, புள்ள வந்தா இவன எப்படிச் சமாளிக்கிறதுன்னு?"

சொன்னேன்தான். வயிறு பெரிதாகி, குனிந்து அவன் தட்டை எடுக்க முடியாத ஒரு நாளில் சொன்னது. கேள்வியாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். குரலில் வேறு ஏதாவது இருந்ததா? பல நாள் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் கையில் சிவப்பாகத் தடித்தபோது டாக்டர் வேர்க்குரு என்றார். நாய் இருந்திருந்தால் அவன் முடியால்தான் என்று நானே சொல்லியிருப்பேனோ? இருக்கலாம். ஆனால் பயம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

அவன் எங்கள் நாய்தான் என்று நான் சொல்லியிருந்ததால், அந்தப் பெண் மறுபடி அழைத்தார். யான் என்ற ஊரில் ஒரு தமிழ்த் தம்பதி அவனை எடுத்துக்கொள்ளத் தயார். வயலோரம் வீடு, சுற்றிலும் வேலி. "ஆனா நீங்க ரெண்டு பேரும் வேணும்னு சொன்னா, முதல்ல உங்களுக்குத்தான்."

கணவரிடம் சொன்னேன். "சரிலா, கொண்டுவரச் சொல்லு. ஆனா நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா என்னைக் கேக்காத."

அவர் சம்மதித்துவிட்டார். சந்தோஷப்படத்தான் பார்த்தேன். ஆனால் அடுத்த பிள்ளைக்கும் நான் அம்மா வீட்டுக்குத்தான் போவேன். அம்மா அப்போதும் என் பாலுக்காகப் பேசாமல் இருப்பார். இந்தக் கேட்டை மறுபடியும் இவர்தான் திறந்துவிடுவார்.

யானுக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன்.

அவனை எடுத்துக்கொண்ட யான் அக்கா ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். பிள்ளையைக் கணவர் மடியில் விட்டுவிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துத் துணி மடித்துக்கொண்டே பேசினேன். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், விட்டுவிடுங்கள். சோற்றில் தயிர் இருந்தால் தட்டை நக்கியே தேய்த்துவிடுவான்.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்க. ஒனக்கு நாய்னா பயம்னு சொன்னாங்களேம்மா?"

கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லக்கா," என்றேன். "பயமெல்லாம் இல்ல. நான்தான் அவன வளர்த்தேன். நான் வேணாம்னு சொல்லல."

அவர் எழுந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். யான் அக்கா, தயிர் கடைத் தயிரா வீட்டுத் தயிரா என்று கேட்டார். வீட்டுத் தயிர் என்றேன்.