இயந்திரம் விழுங்கிய கதிரை

வில்லரேயில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கை என்று நாலு பேர் இருந்தோம். சித்தி கனடாவுக்கு வந்து கனகாலம் ஆகவில்லை. அதற்குள் வெல்டிங் படித்து, பனி அள்ளும் வாகனங்களைத் திருத்தும் கராஜ் ஒன்றில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சொந்தக்காரர் யாராவது விசாரித்தால், "கொம்பனி ஒண்டிலை நிக்கிறா" என்பதோடு கதையை மாற்றிவிடுவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரிய பனிப்புயல் ஒன்று ஓய்ந்த சனிக்கிழமை. சித்தி விடிய முதலே வேலைக்குப் போய்விட்டார். பனி அள்ளப்போகிறார்கள், தெருவில் நிற்கும் கார்களை எடுக்கவேண்டும் என்று சைரன் கேட்டதும் அப்பா காரை அடுத்த தெருவில் கொண்டுபோய் விட்டார். ஆனால் தான் முதுகு நோகத் துப்புரவாக்கிய இடத்தை வேறு யாரும் பிடித்துவிடக்கூடாதே! குசினியில் நாங்கள் இருந்து சாப்பிடும் சிவப்பு இரும்புக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வந்தார். நடைபாதையை வழித்துக்கொண்டு வந்த சின்ன வண்டி அதன்மேல் பனியைக் குவித்து மூடிவிட்டுப் போனது.

பின்னால் வந்தது பெரிய இயந்திரம். பனியை அள்ளி லொறிக்குள் வீசுவது அதன் வேலை. எங்கள் வாசலுக்கு வந்ததும் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டது. அதன் வாயில் சுழலும் இரும்புத் தகடுகளுக்கு நடுவே சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"அப்பா, அது எங்கடை கதிரையெல்லோ?"

"சத்தம் போடாதை" என்றார் அப்பா, யன்னல் சீலையை இழுத்துவிட்டு.

தெரு அடைபட்டுப்போனது. கொஞ்ச நேரத்தில் கராஜ் வான் வந்தது. செம்மஞ்சள் உடுப்போடு இறங்கிய ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையை வைத்துத்தான் எனக்குப் பிடிபட்டது. "சித்தி!" என்று கத்தினேன்.

சைபருக்குக் கீழே முப்பது பாகை. சித்தி ஐஸில் மல்லாந்து படுத்து இயந்திரத்தின் வாய்க்குள் தோள்வரை புகுந்தார். கையுறையோடு ஆணியைத் திருக முடியவில்லை. கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டியது. நெருப்புக் குழாயால் சூடாக்கினார், அறுத்தார், வெளியே வந்து கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு துள்ளினார், திரும்பவும் உள்ளே போனார். எதிர்வீட்டு மாடியில் நின்ற கியூபெக்காரர் இன்னும் எவ்வளவு நேரம் என்று சத்தம் போட்டார். "சாங் மினுத்!" என்றார் சித்தி. மத்தியானம் வரைக்கும் அவர் கேட்கக் கேட்க அதே ஐந்து நிமிடம்தான்.

கடைசியில் அப்பா தாங்கமாட்டாமல் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு இறங்கிப் போனார். நானும் பின்னால் ஓடினேன். சித்தி நசிந்த கதிரையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். இமையெல்லாம் வெள்ளை.

"அத்தான், காலமை நான் இதிலை இருந்துதானே பாண் சாப்பிட்டனான்?"

"தேத்தண்ணியைக் குடி பிள்ளை, ஆறப்போகுது."

சித்தி சிரித்துக்கொண்டே கதிரையை லொறிக்குள் எறிந்தார். வளைந்த தகட்டை நிமிர்த்தி ஒட்டும் வேலை இன்னும் மிச்சமிருந்தது. காற்று ஊசியாகக் குத்தியது. அப்பா வீட்டுக்குள் திரும்பவில்லை. "காத்துக்கு மறைப்பா நிக்கிறன், நீ செய்" என்று கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு முடியும்வரை நின்றார்.

இயந்திரம் உறுமியது. பனி வில்லாக வளைந்து லொறிக்குள் பாய்ந்தது. மாடிக்காரர் "பிராவோ!" என்று கை தட்டினார். அப்பா அவரை அண்ணாந்து பார்த்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, அது தன் மச்சாள் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

அன்று சித்தியால் கரண்டி பிடிக்க முடியவில்லை. அம்மாதான் சோறு தீத்திவிட்டார். விரல்களில் இரத்தம் திரும்ப ஓடியபோது கண்ணீர் வழிந்தது. அப்படியும் சித்தி சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்: "ஒருத்தராலும் ஏலாத வேலை எண்டால் என்ரை சித்தியைத்தான் அனுப்புவினம்."

பல வருசம் கழித்துத்தான் சித்தி மிச்சக் கதையைச் சொன்னார். அந்தக் குளிரில் தெருவில் கிடந்து திருத்தவேண்டும் என்று கேள்விப்பட்டதும் கராஜிலிருந்த ஆம்பிளைகளுக்கெல்லாம் ஒரேயடியாக முதுகுநோவும் காய்ச்சலும் வந்துவிட்டதாம். இவளை அனுப்பினால் திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டாள் என்று மேலாளர் அவர்களுக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தாராம். திங்கட்கிழமை அவருக்கு முன்னமே சித்தி கராஜ் வாசலில் நின்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் சொன்னதில் ஒரு சொல்லையும் இன்றைக்கும் மாற்றமாட்டேன். ஏன் அனுப்பினார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.