திரையில் ஓடிய ஏ.சி.

போன வாரம் அக்கா மகள் கல்யாணம். பாளையங்கோட்டையில், ஏ.சி. மண்டபம். முகூர்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா திசையன்விளை வியாபாரி. அத்தானிடம் பைய வந்து கேட்டார். “ஏ.சி. மண்டபம்னுதான அண்ணாச்சி சொன்னிய?”

அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. மகள் கல்யாணத்தில் சம்பந்தி வாயால் முதல் குறை... எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய கட்டடங்களின் ஏ.சி.யை இயக்கும் கன்ட்ரோலர்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு – இந்தப் பக்கத்தில் அடிக்கடி எழுதிப் புலம்புவேனே, அதேதான். பட்டு வேட்டியோடு மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் கம்ப்யூட்டரைக் காட்டினார். “ப்ளோயர் ஓடுதுன்னுதான சார் காட்டுது.”

“கீழ எல்லாருக்கும் வேர்த்து ஊத்துதே?”

“திரையில ஓடுதே.”

இதை எத்தனை பேரிடம்தான் விளக்குவது? திரையில் தெரிவது கட்டளை. காரியம் நடந்ததா என்பது வேறு சமாசாரம். ‘மோட்டார் போடு’ என்று வீட்டில் குரல் கொடுத்துவிட்டால் தொட்டி நிறைந்துவிடுமா?

மாடியில் மெஷின் ரூம். கன்ட்ரோலரில், அங்கே கிடந்த மீட்டரை வைத்துப் பார்த்தேன். கட்டளை ஒழுங்காக வெளியே போகிறது. அது போய்ச் சேரும் பேனலில் ஒரு சுவிட்ச் – ஆட்டோ, ஆஃப், மேனுவல். ஆஃபில் கிடந்தது. பாதிப் பழுது இப்படித்தான்... மெஷின் சொன்னதைக் கேட்கும், நடுவில் ஒரு கை புகுந்திருக்கும். அந்தக் கை சுவிட்சில் நல்லெண்ணெய்ப் பிசுக்கை வேறு விட்டுவிட்டுப் போயிருந்தது.

“அதத் தொடாதீரும் வே.”

திரும்பினேன். அத்தான். மூச்சிரைக்கப் படியேறி வந்திருந்தார்.

“நாந்தான் அமத்துனேன். ஏ.சி. காத்துல மணவறை விளக்கு ரெண்டு தடவ அணைஞ்சுட்டு. தாலி கட்டுத நேரத்துல அணைஞ்சா, எம் மகளுக்கு...”

முடிக்கவில்லை. சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிரிப்பு வரவில்லை.

மேடைக்கு மேலே காற்று வரும் வழியை மட்டும் அடைத்துவிடலாம். அதற்கு ஏணி வேண்டும். ஏணி பந்தல்காரரோடு போய்விட்டது. ஏற்றிய விளக்கை நகர்த்த அக்கா விடமாட்டாள். வேறு வழி? சுவிட்சை ஆட்டோவில் போட்டேன்.

“விளக்கு?” என்றார் அத்தான்.

“கையால மறைச்சுக்கிடுங்க அத்தான்.”

மண்டபம் குளிர்ந்தது. பத்திரிகைகள் மடிக்கு இறங்கின. பெண்ணைப் பெற்றவர் மட்டும், வந்தவர்களை வாங்க என்று கேட்காமல், விளக்கடியில் மண்டியிட்டு இரண்டு கையாலும் சுடரை மறைத்துக்கொண்டிருந்தார். தாரை வார்க்க ஐயர் கூப்பிட்டார். அத்தான் எழவில்லை. ஐயர் மறுபடி கூப்பிட்டார்.

திசையன்விளைக்காரர் எழுந்து வந்தார். அத்தானுக்கு எதிரே மண்டியிட்டுக் கைகளை நீட்டினார்.

“நீங்க போய்த் தாரை வாருங்க அண்ணாச்சி. இத நான் பாத்துக்கிடுதேன்.”

தாலி ஏறியது. விளக்கு நின்று எரிந்தது. அத்தனை குளிரிலும், மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியிருந்தது.