டிக்கெட் கவுண்ட்டர் வரைக்கும் ஒரு சாய்தளம்

போன வாரம் அக்கா எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். முசிறி தாண்டி, பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு மலையடிவாரத்துக் காட்டு அருவி. 'புதிய பாதை, முதியோர், மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் எளிதாகச் செல்லலாம்' என்று ஒரு பெண்குரல் குழைந்தது. கீழே அக்காவின் ஒரே வரி: "இன்னொரு தடவ போலாமாடா?"

முதல் தடவை போனபோது அவள் பத்தாம் வகுப்பு. இடது காலில் போலியோ. தொடையிலிருந்து ஷூ வரை, முட்டி மடங்காமல் பிடிக்கும் இரும்புச் சட்டம், காலிப்பர். அதன் தோல்வாரின் வாசனை, எண்ணெயும் வியர்வையுமாக, செருப்புக்கடையைத் தாண்டும்போது இன்றும் எனக்கு வருகிறது. பள்ளியில் எங்கே சுற்றுலா போனாலும், "நீ சிரமப்படுவே" என்று அவளை விட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அப்பா அவளைப் பக்கத்திலிருக்கும் முக்கொம்பு அணைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். மற்றவர்கள் ஊட்டி போனால் இவளுக்கு முக்கொம்பு. கொடைக்கானல் போனாலும் முக்கொம்பு. கூடவே தொற்றிக்கொள்ளும் எனக்கோ கொண்டாட்டம். ஊஞ்சலில் உட்கார்ந்தும் அவள் ஏன் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள் என்று இந்த மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியே விடக்கூடாது என்கிற பட்டறைப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறி அந்த அருவிக்குப் போனார். திரும்பும்போது விந்தி விந்தி வந்தார். அம்மா பதறிப்போனாள்.

"எங்கங்க விழுந்தீங்க?"

"விழல. முட்டி மடங்காம ரெண்டு சட்டத்த வச்சு, துண்டால காலக் கட்டிக்கிட்டு நடந்து பாத்தேன். பலாப்பழ வண்டி போற தடம். கடைசி வரைக்கும் சரிவுதான், ஒரு படி கெடையாது. பாப்பா தாராளமா வரலாம்."

அடுத்த ஞாயிறு கிளம்பினோம். புளிசாதம், தயிர்சாதம், அதோடு ஒரு பெரிய தூக்குவாளி நிறையக் காவிரித் தண்ணீர். அப்பாவுக்கு வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காது. அருவிக்குத் தண்ணீர் சுமந்துபோன ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். வாளி என் தலையில் என்பதால் வழியில் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அக்கா யார் கையையும் பிடிக்காமல் கடைசிவரை நடந்தாள். காலிப்பரைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து தண்ணீருக்குள் போனாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. பின்பும் கேட்டதில்லை.

இப்போது அப்பா இல்லை. பார்த்துவர வேண்டியது என் வேலை என்று உறையூரிலிருந்து நேற்றுக் கிளம்பினேன். நுழைவாயிலில் சாய்தளம், பக்கத்தில் 'எல்லோரும் வருக' என்று ஒரு பலகை, நீலத்தில் சக்கர நாற்காலிப் படம். மனம் குளிர்ந்துவிட்டது. சாய்தளம் டிக்கெட் கவுண்ட்டரோடு முடிந்தது. அதற்கப்புறம் படிகள். வழவழ கிரானைட்டில், முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொன்றும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை.

"வண்டித்தடம் ஒண்ணு இருந்துச்சே, அது எங்கங்க?"

"அது மேலதான் சார் பார்க்கிங் போட்டிருக்கு," என்றார் கவுண்ட்டரில் இருந்தவர்.

"அப்ப கால் முடியாதவங்க எப்படிப் போவாங்க?"

"ராம்ப் இருக்குல்ல சார்?"

"அது உங்க கவுண்ட்டரோட நின்னுடுதே!"

"ஆமா சார். டிக்கெட் வாங்க சிரமப்படக் கூடாதுல்ல."

அவர் கேலி செய்யவில்லை. நல்ல மனிதர், நம்பித்தான் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. 'எல்லோரும்' என்று பலகை எழுதி, படம் வரைந்து, திறப்புவிழா நடத்திக் கைதட்டிக்கொண்ட அத்தனை பேரில் ஒருவன், ஒரே ஒருவன், தன் காலைக் கட்டிக்கொண்டு இதில் ஏறிப் பார்த்திருக்கக் கூடாதா? கெடுக்காமலாவது விட்டிருக்கலாமே, நன்றாக இருந்த வழியை!

வெயிலுக்குக் கொண்டுபோன குடையை முட்டியோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டேன். யாரோ செல்போனில் படமெடுத்தார்கள். எடுக்கட்டும். முதல் படியில் எப்படியோ ஏறிவிட்டேன், இரண்டாவதில் கவிழ்ந்து விழுந்தேன். கை சிராய்த்துவிட்டது.

பார்க்கிங் சிமெண்டில், அப்பா நடந்த தடம் கீழே எங்கேயோ கிடக்கிற இடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே உட்கார்ந்து ஸ்ரீரங்கத்துக்கு, அக்காவுக்கு, போன் செய்தேன்.

"காலக் கட்டிப் பாத்தியாடா?" என்றாள் எடுத்ததுமே.

"பாத்தேன்."

"அப்புறம்?"

"ரெண்டாவது படியிலயே விழுந்துட்டேன்."

"சரி விடு," என்றாள். "முக்கொம்புக்குப் போலாம்."