தாளில் ஏறாத பெயர்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த சமயம் அது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மலாக்காவில் புக்கிட் பெரிங்கிட் மேட்டில் நான் புல் வெட்டிக் கொடுத்த பங்களாவின் துரையும் கிளம்பினார். போகும்போது தன்னுடைய புல் வெட்டும் பெட்ரோல் மிஷினை எனக்கு மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை நின்ற வாக்கில் வீசி வெட்டுகிற நீளக் கத்திதான் எனக்குத் தெரியும். மிஷினைக் காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் இறக்கியபோது பத்துப் பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் நான்கு பேர். நான், கூலிக்கு இரண்டு ஆட்கள், என் மனைவி. நான்கு பேர் என்று இப்போது சொல்கிறேன். அப்போது யாராவது கேட்டால் மூன்று பேர் என்றுதான் சொல்வேன்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மிஷின் ஓடுவதற்கு முன்னால் தரை முழுக்கக் குனிந்து நடந்து, கல், கம்பித்துண்டு, கொட்டாங்கச்சி, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து வாளியில் போடுவாள். மிஷினுக்கு அடியில் சுழலும் கத்தியில் ஒரு கல் மாட்டினால் போதும், எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. அவள் நடந்துவிட்டு வந்து தலையை ஆட்டினால்தான் நான் கயிற்றை இழுத்து மிஷினைக் கிளப்புவேன். அதற்குப் பிறகு வேலியோரத்தில் அரிவாளால் வெட்டுவாள், வெட்டியதையெல்லாம் வாரிக் குவிப்பாள். எங்களில் அவளுக்குத்தான் வேலை அதிகம். கூலி வாங்காதவளும் அவள் ஒருத்திதான்.

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி தன்னுடைய ஆறு பங்களாக்களின் தோட்டத்தை எங்களிடம் விட முன்வந்தது. அவ்வளவு பெரிய வேலை எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. ஆனால் இன்சூரன்ஸ் இருந்தால்தான் உள்ளே கால் வைக்க விடுவோம் என்று அங்கே கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டார்.

"புல்லு வெட்டுறவனுக்கு என்னய்யா இன்சூரன்ஸ்? நான் என்ன கப்பலா ஓட்டுறேன்?" என்று கேட்டேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

"ஒங்க மிஷினு கல்ல வீசும்ல, அதுக்குத்தான்லா," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

காஜா பெராங்கிலேயே, மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் கம்போங்கில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜண்டு இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். அவர்கள் ஆட்களுக்குத் தமிழ் சாமி கும்பிடுகிற நாலைந்து சொல்லோடு சரி. நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் வந்து, எங்கள் மேசையில் தாளை விரித்தார். வேலை செய்கிறவர்களுக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும், வழியில் போகிற வெளியாள் மேல் கல் பட்டாலும் கொடுக்கும் என்று நிதானமாக விளக்கினார். வேலை செய்கிறவர்கள் பெயரையெல்லாம் ஒன்று விடாமல் எழுத வேண்டும், தாளில் இல்லாதவருக்கு ஒன்றும் கிடையாது என்றார். அவர் மலாயில் சொன்னதைத்தான் நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் என் பெயரையும் இரண்டு ஆட்களின் பெயரையும் சொன்னேன். அவர் எழுதிவிட்டுப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், அண்ணன் என்று மலாயில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "அபாங், வீட்டுக்காரம்மா? அவங்களும் தினமும் வாளியைத் தூக்கிக்கிட்டுப் போறாங்களே, நான் பாத்திருக்கேன்."

"அவ சும்மா கூட வர்றா. ஒத்தாசைக்கு," என்றேன்.

"ஒத்தாசையும் வேலைதானே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கூலி ஆளுங்க பேரு எழுதுற தாளுல என் சம்சாரத்த எழுதணுமா? அவ கூலிக்காரி இல்ல," என்றேன்.

அடுப்படிக் கதவருகே நின்றிருந்தவளுக்கு மலாய் அரைகுறைதான், ஆனாலும் என்ன நடக்கிறது என்று பிடிபட்டுவிட்டது. "எழுதட்டுங்க. அதுல என்ன?" என்றாள். "தோட்டத்துல செக்ரோல்ல என் பேரு இல்லாமலா இருந்துச்சு?"

"நீ உள்ள போ புள்ள," என்றேன்.

அவள் செக்ரோலைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் இருவரும் குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். விடிவதற்கு முன் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆண், பெண், பிள்ளைத்தாய்ச்சி என்று வித்தியாசம் கிடையாது. ஒருமுறை, எங்களுக்குக் கல்யாணமான புதிதில், அவள் காய்ச்சலோடு நேரம் கழித்து வந்தாள். அத்தனை பேர் முன்னால் கங்காணி அவள் பெயரைச் சொல்லித் திட்டினான். என்ன திட்டினான் என்று எழுதக் கை கூசுகிறது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த அன்று பஸ்ஸில் அவளிடம் சொன்னேன், "இனிமே ஒன் பேர எவனும் கூப்பிட்டு வரிசையில நிக்க வைக்க மாட்டான்" என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏஜண்டு இரண்டாம் தடவையும் கேட்டார். "எழுதிடலாமா அபாங்? ஒரு வரிதானே?" நான் தலையை ஆட்டி மறுத்தேன். நாலாவது வரியில் நீளமாக ஒரு கோடு போட்டு மூடினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். அதில் சீனி இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன், எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

ஆறு பங்களா வேலையும் கிடைத்தது. ஏழெட்டு மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. அவளுக்கு அடிபட்ட அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. கடைசிப் பங்களாவில் பின்பக்கத்து மூலை ஒன்று பாக்கி. அவள் வாளியோடு அந்த மூலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று நான் கயிற்றை இழுத்துவிட்டேன். அவள் தலையை ஆட்டுகிறவரைக்கும் காத்திருக்கவில்லை. "இருங்க, இன்னும் பாக்கல," என்று திரும்பிக் கையைக் காட்டினாள். அவள் திரும்பாமல் இருந்திருந்தால், மிஷினிலிருந்து பறந்த கல் முதுகில் பட்டிருக்கும். திரும்பியதால் இடது கண்ணில் பட்டது. வாளி விழுந்த சத்தத்தை மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் கண்ணாடிக் கண் வைக்கிறார்கள், பார்வை வராது, ஆனால் முகம் பழையபடி இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு முகத்தில் என்ன ஆசை என்று எனக்குத் தெரியும். வெயிலில் வேலை செய்கிறவள் தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கத் தவறமாட்டாள். பெண்டஹாரா சாலைத் துணிக்கடைகளில் புடவை எடுத்தால், கடைக் கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்க்காமல் வரமாட்டாள். கட்டோடு படுத்திருந்தவள் முந்தானையை இழுத்து இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கண்ணாடிக் கண்ணை எப்படியாவது அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஏஜண்டைத் தேடிப் போனேன். அவர் தாளை எடுத்துப் பார்த்தார், கோடு போட்ட நாலாவது வரியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் யோசனை சொன்னேன். "வெளியாளுக்கு அடிபட்டா குடுக்கும்னு சொன்னீங்களே. அவ எனக்குச் சோறு கொண்டாந்தா, சும்மா நின்னுக்கிட்டு இருந்தான்னு சொல்லிடுறேன்." அவர் தாளை மடித்து உறையில் போட்டார். பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி வீட்டுக்கு வந்து அவளிடமே கேட்பார், அவள் என்ன சொல்கிறாளோ அதைத்தான் எழுதுவார்கள் என்று மட்டும் சொன்னார்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் இல்லை, நாலு நாள். "சோறு கொண்டாந்தேன், நின்னேன். இவ்ளோதான் நீ சொல்லணும்." அவள் கேட்டுக்கொண்டாள், சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதிகாரி ஒரு சீனர். ஏஜண்டோடு வந்து, அன்று ஏஜண்டு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவளைப் பார்த்து மலாயில் மெதுவாகவும் மரியாதையாகவும் கேட்டார். அன்றைக்கு அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நான் தமிழில் மாற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சாயா கெர்ஜா," என்றாள்.

'நான் வேலை செய்கிறேன்' என்று அர்த்தம். பாசாரில் மீன் வாங்க மட்டும் மலாய் தெரிந்தவள், அந்த இரண்டு சொல்லை நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். அதிகாரி என்னைப் பார்த்தார். ஏஜண்டு தரையைப் பார்த்தார். அவள் கையால் வாளியைக் காட்டி, குனிந்து எடுத்துப் போடுவதுபோல் செய்தும் காட்டினாள். அதிகாரி எழுதிக்கொண்டார், பைலை மூடினார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். "ஒரு பொய்தானே சொல்லச் சொன்னேன்? அந்தக் கண்ணு யாருக்கு? எனக்கா?" கையில் கிடைத்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன்.

அவள் டம்ளரை எடுத்து மேசையில் வைத்தாள். "பதினோரு வருஷமாச்சு நாம டவுனுக்கு வந்து," என்றாள். "ஒங்க கூடவே வேல செஞ்சேன். சும்மா நின்னேன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களே, எப்படிங்க வரும்?"

நான் டம்ளரின் நசுங்கலை விரலால் தடவினேன்.

"தோட்டத்துல பெரட்டுல என் பேரக் கூப்புடுவாங்க. 'இருக்கேன்யா'ன்னு சொல்லுவேன். அந்தக் கங்காணி ஒரு நாளு திட்டுனான், அது ஒரு நாளு. மத்த நாளெல்லாம் எனக்கு அது புடிக்கும். என் பேருல ஒரு வரி, என் பேருல சம்பளம். இங்க வந்தப்பறம் எவரும் என் பேரக் கூப்புட்டதே இல்ல. நீங்களும் புள்ளன்னுதான் கூப்புடுறீங்க."

பஸ்ஸில் அவள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பினாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றக்கூட வரவில்லை, உலை வைக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவளால் வேலைக்கு வர முடியவில்லை. குனிந்தால் தலை சுற்றியது. கல் இருக்கிற இடம் ஒன்று, கை போகிற இடம் ஒன்று. இரண்டு முறை வந்து பார்த்தாள், மூன்றாம் நாள் வாளியை என்னிடம் கொடுத்துவிட்டாள். கல் எடுப்பதற்கு, புருஷனை இழந்த ஒரு பெண்ணைச் செங் என்ற ஊரிலிருந்து கூலிக்கு வைத்தேன்.

வருஷம் முடிந்ததும் ஏஜண்டு புதுத் தாளோடு வந்தார். அவர் பேனாவைத் திறப்பதற்குள், "மொதல் வரியில என் சம்சாரம் பேர எழுதுங்க," என்றேன். அவர் தயங்கினார். அவள் உள்ளேயிருந்து வந்து, முந்தானையால் பாதி முகத்தை மூடியபடி நின்றாள்.

"வேலைக்குப் போறவங்க பேரு மட்டுந்தான எழுதணும்?" என்றாள் என்னிடம். "நான் இப்பப் போறதில்லயே. அந்தப் பொண்ணு பேர விட்டுறாம எழுதச் சொல்லுங்க. பாவம், அவளுக்கு யாரு இருக்கா?"

நாலாவது வரியில் செங்கிலிருந்து வரும் பெண்ணின் பெயர் ஏறியது. யாரோ ஒருத்தி பெயரைக் கூலித் தாளில் எழுத எனக்குக் கூச்சமே இருக்கவில்லை, பாருங்கள். என் மனைவி நின்று, எழுதி முடிக்கிறவரை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு நானே பணம் சேர்த்து, சிங்கப்பூர் போகலாம் வா என்று கூப்பிட்டேன். எத்தனையோ தடவை. "இனிமே யாருக்குக் காட்ட?" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். கடைசிவரை முந்தானைதான்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போவதற்குச் சில மாதத்துக்கு முன்னால், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். இதையெல்லாம் எழுதி வைக்கப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதன்முறையாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஒன் பேரப் போட்டே எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவள் இருக்கிற ஒரு கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுதுங்க. பேரு மட்டும் வேணாம்."

"ஏன்?"

"எழுதச் சொல்லிக் கேட்டப்ப எழுதல. இப்ப எதுக்குங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து என்னிடம் நீட்டினாள். அதனால்தான் இதில் அவள் பெயர் இல்லை. அவள் பெயர் இல்லாத தாளில் மற்றவர்கள் பெயர் எதற்கு என்று ஒருவர் பெயரையும் நான் எழுதவில்லை.