கை நனைக்காமல் எழுந்தேன்

எந்தக் காரியத்துக்குப் புறப்பட்டாலும் அது நடக்காது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பஸ்ஸுக்கு நின்றால் இன்றைக்கு வராது. சட்டை எடுத்தால் ஒரு தண்ணிக்கே சாயம் போய்விடும். டாக்டரிடம் போனால் பெரிய வியாதியாகத்தான் சொல்லப்போகிறார். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவுக்குத் தெரியும்.

அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஆலையை மூடியபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். “அடுத்த மாசம் தொறந்துடுவாங்க” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு வேலை தேடவில்லை. ஆலை திறக்கவும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். நல்லதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்து வளர்ந்ததால், கெட்டதை முதலிலேயே நினைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும். நினைத்தபடி நடந்தால் அடி பலமாக விழாது. நடக்காவிட்டால் அது வரவு.

அக்காவுக்கு இது ஆகவே ஆகாது.

“வாயில நல்ல வார்த்தையே வராதாடா ஒனக்கு? மேல தேவதைங்க போய்க்கினே இருக்கும். நீ சொல்ற நேரம் பாத்து ‘அப்படியே ஆவட்டும்’னு சொல்லிட்டுப் போயிடும்.”

“அதுங்களுக்கு வேற வேல இல்லியா? நம்ம முத்தியால்பேட்டையிலயேதான் சுத்தினு இருக்குதுங்களா?” என்பார் மாமா, அக்காவின் வீட்டுக்காரர்.

எனக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு என் நினைப்புதான் காரணம் என்று அக்கா உறுதியாக நம்பினாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஐந்தாவது படிப்பு, மாவு மில்லில் சம்பளத்துக்கு வேலை, நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராத கூச்சம். இதற்கு மேல் தேவதைகள் வந்து கெடுக்க என்ன இருக்கிறது?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அரியாங்குப்பத்தில் ஒரு இடம் இருப்பதாக உறவுக்காரர் ஒருவர் அக்காவிடம் சொன்னார். முப்பத்தெட்டு வயது. கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குழந்தை இல்லை. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை, அண்ணன் வீட்டில் வாசம். அக்கா போனில் போட்டோவைக் காட்டினாள். நான் பார்த்துவிட்டு, “இவங்க ஒத்துக்க மாட்டாங்க” என்றேன்.

“போட்டோ ஒங்கிட்ட பேசுச்சா?” என்றாள் அக்கா.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை கை நனைத்தால், அதாவது வைத்த பலகாரத்தைச் சாப்பிட்டால், அவனுக்குச் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவான். பெண்ணை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. கூடப் போனவர்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணக்கில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். அக்காவும் மாமாவும் ஒரு வண்டியில், நான் என் பழைய மொபெட்டில் பின்னால். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று மில் முதலாளியிடம் சொல்லியிருந்தேன். பேச்சு நீளாது என்றுதான் நினைத்தேன்.

சின்ன வீடு, பளிச்சென்று இருந்தது. அவளுடைய அண்ணன் மரியாதையாகப் பேசினார். தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி மூடாமல் போட்டிருப்பதைப் பற்றி அவரும் மாமாவும் ரொம்ப நேரம் பேசினார்கள். அவள் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். சேலையில் பட்டறை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. “பஜ்ஜி கொஞ்சம் காரமா இருக்கும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசற்படி ஓரமாக நின்றாள்.

எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் தொந்தரவாகப் போயிற்று. எப்படியும் இவள் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள். நான் கை நனைத்துவிட்டால், அதன் பிறகு எல்லார் முன்னாலும் இவள் வாய்விட்டு மறுக்க வேண்டிவரும். அண்ணன் வீட்டில் இருக்கிறவள், திட்டு வாங்குவாள். அந்தச் சங்கடத்தை ஏன் கொடுக்க வேண்டும்? இப்படி யோசித்துத் தண்ணீரை மட்டும் எடுத்துக் குடித்தேன். பெரிய உபகாரம் செய்கிற எண்ணம் எனக்கு.

அண்ணன் சாக்கடைப் பேச்சை நிறுத்திவிட்டார். மாமா கையில் பாதி பஜ்ஜியோடு என்னைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது ஆற்றுப் பாலத்தின் மேலேயே அக்கா வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள்.

“புடிக்கலன்னா போட்டோ பாத்தப்பவே சொல்லித் தொலைய வேண்டியதுதானடா?”

“புடிக்காம இல்லக்கா.”

“பின்ன இன்னாத்துக்குத் தண்ணியக் குடிச்ச?”

“அவங்களுக்குப் புடிக்காது.”

“அவ சொன்னாளா?”

“சொல்லியிருப்பாங்க.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். “அவனுக்கும் பொறுக்கல பாரு” என்றார் மாமா.

அன்று மாலை அக்கா அந்த அண்ணனுக்குப் போன் செய்து விளக்கப் பார்த்தாள். அவர் கேட்கத் தயாராக இல்லை. “ஏற்கெனவே ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டவன்னு தெரிஞ்சுதானம்மா வந்தீங்க? வந்து பாத்துட்டுத் தண்ணியோட எழுந்தா என்ன அர்த்தம்? அது அழுதுகினே இருக்குது. இனிமே இந்தப் பேச்ச விட்டுடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அது புதிதாக இருந்தது. அதுவரை என் நினைப்பு என்னை மட்டும்தான் தொடும் என்று இருந்தேன். பஸ் வராது என்று நினைத்தால் நான் நடப்பேன், அவ்வளவுதான். இப்போது ஒரு பெண், கணவனை இழந்தவள் என்பதற்காகத் தன்னை ஒருவன் ஒதுக்கிவிட்டான் என்று அழுதுகொண்டிருந்தாள். நான் அப்படி ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

வாரம் முழுவதும் மில்லில் வேலை ஓடவில்லை. மல்லி அரைத்த கல்லைத் துடைக்காமல் ஒருவருடைய அரிசியைக் கொட்டி, கொழுக்கட்டை மாவு மல்லி வாசனையோடு போனது. அந்தம்மா திருப்பிக் கொண்டுவந்து என் முகத்தருகே டப்பாவைத் திறந்து காட்டினார்.

அடுத்த ஞாயிறு நானே அரியாங்குப்பம் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. நல்லது நடக்கும் என்று நம்பிப் போகவில்லை. கதவைச் சாத்துவார்கள் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். கல்யாணம் நடக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் நினைத்துக்கொண்டிருக்கிற காரணம் தப்பு. அதை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் வாசலில் மொபெட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “இன்னா விஷயம்?” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

“அன்னிக்கு… நான் சாப்புடாததுக்கு…” வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டு நின்றேன். அவர் பொறுமை இழந்து, “சொல்றதுன்னா சொல்லுங்க, எனக்கு வேல இருக்குது” என்றார்.

பேச்சு கேட்டு அவளே வெளியே வந்தாள். கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கேட்டாள். “ஏன் சாப்பிடல?”

“நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நான் சாப்டுட்டா ஒங்களுக்குச் சொல்றதுக்குக் கஷ்டமா இருக்கும்னு…”

“நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?”

“சொல்லல.”

“என் பதிலையும் சேத்து நீங்களே சொல்லிட்டுப் போயிட்டீங்க, இல்ல?”

ஆமாம் என்று தலையாட்டினேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை. அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏன்யா, இதுக்காடா ஒரு வாரமா வீட்ல இழவு விழுந்த மாதிரி கெடந்தோம்?” என்றார். முதலில் ‘யா’ போட்டு அடுத்த வார்த்தையிலேயே ‘டா’வுக்கு வந்துவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட ஏற்பட்டது.

அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அந்த நாட்களில் நான் ஒவ்வொரு வேளையும், இன்றைக்குப் போன் வரும், வேண்டாம் என்று சொல்வார்கள் என்றே இருந்தேன். போன் வந்தது. சம்மதம் என்றார்கள். “மாத்திச் சொன்னாலும் சொல்லுவாங்க” என்றேன். அக்கா செருப்பைத் தேடினாள். கோயிலில் பத்து பேரை வைத்துத் தாலி கட்டினேன்.

நினைப்பதால் வாழ்க்கை கெடுமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என் நினைப்பு அவள் மனசை மாற்றவில்லை. வேண்டாம் என்பாள் என்று நான் எத்தனை தடவை நினைத்தும் அவள் சரி என்றுதான் சொன்னாள். கெடுக்கப் பார்த்தது நான் குடித்த தண்ணீர். நினைத்ததோடு நிற்காமல் அதன்படி எழுந்து வந்தேனே, அது. அக்கா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அரியாங்குப்பத்தில் அன்றைக்குத் தேவதைகள் இல்லை, அதனால் பிழைத்தாய் என்கிறாள்.

பழக்கம் போய்விட்டதா என்றால், இல்லை. போன மாதம், வீட்டிலேயே வைத்துத் தைக்கப் பட்டறையில் ஒரு மெஷின் கேட்கப் போவதாக என் மனைவி சொன்னாள். கொடுக்க மாட்டார்கள் என்று எனக்கு உடனே தோன்றியது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“நெனச்சுக்குங்க. அவங்க பதில அவங்க சொல்லட்டும். வண்டிய எடுங்க.”

கூடப் போய் வெளியே நின்றேன். கால் மணி நேரத்தில் வந்தாள். கொடுக்கவில்லை. இருக்கிற மெஷினே போதவில்லையாம். நான் நினைத்தது சரியாகப் போனதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. வண்டியைக் கிளப்பினேன்.

“பொங்கல் கழிச்சு மறுபடி கேக்கலாம்” என்று பின்னாலிருந்து சொன்னாள். “அப்ப ஆர்டர் கொறையும்.”

அப்போதும் கொடுக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. “சரி, கேப்போம்” என்றேன். வழியில் அவரைக்காய் நன்றாக இருக்கிறது என்று நிறுத்தச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.