மீன் தலைக் கறிக்கு நாலு வரி

ஏழு வருடம் ஆய்வகத்தில் பாமாயிலைச் சோதித்துவிட்டு, வேலையை விட்டு, எழுதிப் பிழைக்கலாம் என்று கிளம்பிய எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. மலேசியாவின் கூலாயில், ஆய்வகத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக மதியம் சாப்பிடும் கடையின் பாய், தன் மீன் தலைக் கறியைப் பற்றிக் கடையின் இணையப் பக்கத்தில் போட நாலு வரி கேட்டிருந்தார்.

இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லாவில் நின்றபடியே சத்தமாக வாசித்தார்.

“‘பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு இது பிடிக்கக்கூடும்.’ என்னம்மா இது? கூடும்னா?”

“எல்லார்கிட்டயும் கேக்கலையே பாய். உறுதியா எப்படிச் சொல்றது?”

“அலமாக்! கறிய பத்தி எழுதச் சொன்னா ரிப்போர்ட் எழுதிட்டு வந்திருக்கீங்க லா.”

ரொட்டி சானாய் போடுபவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வரியே வராவிட்டால், “பேசாம லேப்புக்கே திரும்பிப் போ” என்னும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

பாய் ஒரு தட்டில் சோறும் கறியும் வைத்தார். “உங்களுக்குப் பிடிக்குதா? அத மட்டும் எழுதுங்க.”

சாப்பிட்டுவிட்டு, தாளின் பின்பக்கம் எழுதினேன்: “வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. இந்தப் பக்கம் வர எனக்கு வேறு காரணமே இல்லை. இந்தக் கறிக்காக மட்டும் இன்னும் பஸ் ஏறி வருகிறேன்.”

பாய் இந்த முறை சத்தமாக வாசிக்கவில்லை. தாளைப் படம் பிடித்து அப்படியே போட்டுவிட்டார்.

ஆய்வுக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர். பழைய ஆய்வக நண்பர்களே, முடிவில் சந்தேகம் இருந்தால் நேரில் வந்து சரிபார்க்கலாம். ஒரு மணிக்கெல்லாம் மீன் தலை தீர்ந்துவிடும்.