மதினி வீட்டுக் கோழிகளும் என் கேமராவும்

சிவப்பு பிளாஸ்டிக் குவளை ஒன்று தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பச்சைப் புள்ளி போய் உட்கார்ந்துகொண்டு, இதுதான் கோழியின் கணுக்கால் என்று அடித்துச் சொன்னது. சொன்னது வேறு யாருமல்ல, ஒன்றரை வருடம் சோறு தண்ணீர் பார்க்காமல் நான் பழக்கிய கணினி. கணினி அதுவரை பார்த்திராத அந்தப் புதுக் கோழியோ நாலடி தள்ளி நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பேராசிரியர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு மாசம் தர்றேன். புதுசா வர்ற எந்தக் கோழிக்கும் இது வேலை செய்யணும். இல்லேன்னா வேற தலைப்புல முதல்லருந்து ஆரம்பிங்க" என்றார். முப்பத்தோரு வயதில் முதலிலிருந்தா! அன்று வில்லாபுரத்தில் என் வீடு வரைக்கும் எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு போனேன் என்பதே நினைவில்லை.

முனைவர் பட்ட ஆய்வில் நான் செய்ய நினைத்தது எளிய காரியம்தான், செய்வதுதான் பெரும்பாடு. சீக்கு வரப்போகும் கோழி முதலில் நிற்கும் நிலையில் மாறும். கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், இறக்கை லேசாகத் தொங்கும், நடையில் ஒரு சுணக்கம் தெரியும். மனிதக் கண் அதைக் கவனிப்பதற்குள் பாதிக் கோழிகள் போய்விடும். கேமரா நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் அலகு எது, இறக்கை நுனி எது, கணுக்கால் எது என்று முதலில் கணினிக்குத் தெரியவேண்டுமே. ஆயிரக்கணக்கான படங்களில் அந்த இடங்களில் எல்லாம் கையால் புள்ளி வைத்துக் கொடுத்தால், டீப் லேர்னிங் முறையில் அது தானாகக் கற்றுக்கொள்ளும். அத்தனை படத்துக்கும் கோழிக்கு எங்கே போவது? ஆரம்பத்திலேயே கீழக்குயில்குடியில் மதினி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. கொழுந்தனைக் கேலி செய்வதற்கென்றே பிறவி எடுத்தவர். பதினாலு கோழி வளர்த்தார். வீட்டு முற்றத்தில் நான் கேமராவை மாட்டிய முதல் நாளே, "ஊரு ஒலகத்துல அவனவன் பொண்ணு பாத்துக்கிட்டுத் திரியிறான், எங்க கொழுந்தனாரு கோழிக்காலப் பாக்க வந்திருக்காக" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபம் வந்தால் அவருக்கு இன்னும் கொண்டாட்டம்.

பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு மூன்று வாரம் கணினியோடு மல்லுக்கட்டினேன். நிரலில் மாற்றாத இடமில்லை. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மதினி வீட்டு முற்றத்துக்கே போய் உட்கார்ந்து, அதைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். காப்பி கொண்டுவந்த மதினி குவளைமேல் புள்ளி நிற்பதைப் பார்த்தார். என் பழைய படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இது எங்கிட்டுத் தம்பி கோழியப் பாக்குது? நான் கட்டுன துணியில்ல பாக்குது!"

எனக்குச் சுரீரென்றது. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் கோழியும் ஒன்றாகத்தான் மேயும். எது யாருடையது என்று தெரிய வீட்டுக்கொரு நிறத்தில் காலில் துணி கட்டியிருப்பார்கள். மதினி பழைய சேலையைக் கிழித்துக் கட்டிய சிவப்பு, எதிர்வீட்டு அக்காவுக்குப் பச்சை. நான் எடுத்த படம் அத்தனையும் மதினியின் கோழிகள், அத்தனையிலும் கணுக்காலை ஒட்டிச் சிவப்பு. கணினி எலும்பையும் மூட்டையும் கற்கவே இல்லை. சிவப்பு தெரிந்தால் கணுக்கால் என்று குறுக்கு வழியில் பாஸாகிக்கொண்டே வந்திருக்கிறது. காலில் துணி இல்லாத புதுக் கோழியைக் கண்டதும் சிவப்பைத் தேடிக் குவளைக்குப் போய்விட்டது. தினம் அந்தக் கோழிகளோடு கிடந்த என் கண்ணில் இது படவில்லை. படித்து என்ன புண்ணியம்?

"இப்ப என்ன, துணி இல்லாம இருந்தா ஆகுமா? இருங்க, கத்திரி எடுத்துட்டு வாரேன்" என்றார் மதினி. ஒவ்வொரு கோழியாகப் பிடித்து மடியில் அமுக்கி, அத்தனை துணியையும் வெட்டிப் போட்டார். அதோடு நிற்கவில்லை. தெருத்தெருவாக என்னைக் கூட்டிக்கொண்டு போய் மற்ற வீடுகளிலும் படம் எடுக்க வைத்தார். துணி துவைக்கிற இடத்தில் கேமராவா என்று பெண்கள் முறைத்தபோது, "அவருக்குக் கோழிக்காலு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும். பொம்பளையத் தெரிஞ்சா இன்னேரம் கல்யாணம் ஆகியிருக்காதா?" என்று ஜாமீன் நின்றார். மானம் போனது, படம் கிடைத்தது.

இரண்டு மாதக் கெடு முடிந்த அன்று பேராசிரியர் தானே வேறொரு ஊரிலிருந்து எடுத்துவந்த காட்சியை ஓட்டினார். கோழி நடந்தது, புள்ளிகளும் கூடவே நடந்தன. கணுக்கால் கணுக்காலிலேயே இருந்தது. "எழுத ஆரம்பிங்க" என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

மறுநாள் காலையில் லட்டு வாங்கிக்கொண்டு கீழக்குயில்குடிக்கு ஓடினேன். முற்றத்தில் பதினோரு கோழிகள்தான் நின்றன. மதினி பேச்சை மாற்றினார். அண்ணன்தான் சொன்னார். துணியை வெட்டிய பிறகு மூன்று முட்டைக்கோழிகள் எதிர்வீட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டனவாம். அந்த அக்கா பச்சைத் துணி கட்டி, தன்னுடையது என்று சாதித்துவிட்டாராம். துணியை எடுத்தால் இப்படி ஆகும் என்று மதினிக்குக் கத்திரியை எடுத்தபோதே தெரியும். எனக்குத்தான் தோன்றவேயில்லை.

வந்ததே கோபம்! "ஒவ்வொரு கோழியோட நடையும் எங்கிட்ட பதிவாகியிருக்கு மதினி. எது யாரு கோழின்னு இப்பவே நிரூபிக்கிறேன்" என்று மடிக்கணினியோடு எழுந்தேன். மதினி கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நிரூபிப்பீக. அவளும் கோழியக் குடுத்துருவா. நீங்க வண்டியேறிப் போயிருவீக, நான் தெனமும் அவ மொகத்துல முழிக்கணும்ல? கோழி போனா இன்னொன்னு பொரிக்கும் தம்பி. ஒங்க படிப்பு போயிருந்தா?"

அன்று நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடுகிறார்கள். நாலைந்து பண்ணைகளில் என் கேமரா கோழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியருக்கும் துறைக்கும் இடம் கொடுத்த நான் மதினிக்கு அரை வரி கொடுத்தேன், அதையும் அவருக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில். அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுக் கூட்டத்தில் பச்சைத் துணியோடு மேய்ந்த மூன்று கோழிகள் என் மதினியுடையவை. வழக்கு வேண்டாம் என்றுதான் மதினி சொன்னார். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.